கண்டி, கற்கண்டு, கண்டி எடை: ஆங்கிலத்தின் ‘கேண்டி’ குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலைநாட்டு ஊரான ஹட்டனில் ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு ஆண்டுதோறும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. இனிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் நம்முடைய கண்டி நகரத்தின் ஆங்கிலப் பெயரும் ஏன் ஒரே மாதிரி ஒலிக்கின்றன என்பதுதான் அது. அதைத் தொட்டு எழும் மற்றக் கேள்விகளையும் சேர்த்து, மாணவர்களும் பெற்றோரும் கேட்ட வரிசையிலேயே இங்கே விடையளித்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் ‘கேண்டி’ என்பது ஒரு சொல்லா, பல சொற்களா?

மூன்று சொற்கள். ஒன்று கண்டி நகரத்தின் பெயர். இன்னொன்று கற்கண்டையும், அமெரிக்க வழக்கில் எல்லா இனிப்புகளையும் குறிப்பது. மூன்றாவது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வணிகர்கள் பயன்படுத்திய ‘கண்டி’ என்னும் பேரெடை. இன்று நகரத்தின் பெயர் ‘கே’ என்ற எழுத்தில் தொடங்குவதால் வேறாகத் தெரிகிறது. ஆனால் 17ஆம், 18ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் அதுவும் ‘சி’ என்ற எழுத்திலேயே எழுதப்பட்டது. ஆகவே ஒரு காலத்தில் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. கிழக்கிந்திய வழக்குச் சொற்களைத் தொகுத்து 1886ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் இம்மூன்றும் அடுத்தடுத்த பதிவுகளாக நிற்பதைக் காணலாம். பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும், ஆங்கிலத்துக்குள் அவை நுழைந்த வாசல்கள் வேறு வேறு.

நகரத்தின் பெயர் எங்கிருந்து வந்தது?

சிங்களத்தில் மலைக்கு ‘கந்த’ என்று பெயர். சிவனொளிபாதமலையைச் சிங்களவர் ‘சமனலகந்த’ என்று அழைப்பதை மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கிறார்கள். அந்தக் ‘கந்த’தான் இதுவும். மலைநாட்டு இராச்சியத்தைச் சிங்களத்தில் ‘கந்த உட ரட’ என்றார்கள். ‘உட’ என்றால் மேல், ‘ரட’ என்றால் நாடு. மலைமேல் நாடு என்பது பொருள். 16ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசருக்கு இந்த நீண்ட தொடரின் முதற்பகுதி மட்டும் நாவில் ஒட்டியது. அதைத் தங்கள் மொழிக்கு ஏற்றபடி ‘காந்தியா’ என்பது போன்ற வடிவத்தில் உச்சரித்து, முதலில் இராச்சியத்துக்கும் பின்னர் அதன் தலைநகருக்கும் அதையே பெயராக வழங்கினார்கள். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அவர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு நல்ல சாட்சி ரொபர்ட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் அவர். 1681இல் இலண்டனில் வெளியான தமது நூலில், இந்த நகரத்தை இப்பெயரால் அழைப்பவர்கள் கிறிஸ்தவர்களே என்றும், மலையைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து அது பிறந்திருக்கலாம் என்றும், ஊர்மக்கள் அதை வேறு பெயர்களால் அழைக்கிறார்கள் என்றும் அவர் எழுதினார். அவர் காலத்துக் ‘கிறிஸ்தவர்கள்’ என்பதை ஐரோப்பியர்கள் என்று வாசித்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்டு மொழியைப் பேசியே ஏறத்தாழ 20 ஆண்டுகள் காலம் தள்ளிய ஒருவரின் காது என்பதால், பிற்காலத்து ஊகங்கள் பலவற்றைவிட இந்த ஒரு குறிப்புக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

போர்த்துக்கீசர் வெட்டி எறிந்த பின்பகுதியும் அழிந்துவிடவில்லை. கொழும்புக்கும் பதுளைக்கும் இடையே ஹட்டன் வழியாக ஓடும் ‘உடரட மெனிக்கே’ இரயிலின் பெயரில் அது இன்னும் இருக்கிறது.

அப்படியென்றால் சிங்களவர்கள் ஏன் கண்டி என்று சொல்வதில்லை?

அவர்களுக்கு அது என்றைக்கும் ‘மஹநுவர’, அதாவது பெருநகரம். பேச்சில் வெறும் ‘நுவர’. செங்கடகல என்ற பழைய பெயரும் உண்டு. அதையும் ‘மா நுவர’ என்பதையும் நொக்ஸ் தம் காதில் விழுந்தபடி பதிவு செய்திருக்கிறார்.

ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் இதன் முழு வரலாறும் ஒரே பலகையில் தெரியும். பஸ்ஸின் முகப்பில் மேல் வரியில் சிங்களத்தில் மஹநுவர, நடுவரியில் தமிழில் கண்டி, கீழ்வரியில் ஆங்கிலத்தில் கேண்டி. நடத்துனர் மிதிபலகையில் ஒரு காலை வைத்தபடி “நுவர, நுவர” என்று கூவுவார். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த எங்கள் உறவினர் ஒருவர் அதை நுவரெலியா என்று எண்ணி, ஏறி அமர்ந்து, பற்றுச்சீட்டும் வாங்கிய பிறகு, பஸ் கினிகத்தேனைப் பக்கம் இறங்கத் தொடங்கிய போதுதான் விழித்துக்கொண்டார். நுவரெலியா செல்லும் பஸ்ஸுக்கு நடத்துனர்கள் முழுப்பெயரையும் சொல்லிக் கூவுவார்கள் என்பதை நாங்கள் அவருக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

எழுத்தளவில் பார்த்தால், நாம் வழங்கும் ‘கண்டி’ என்ற பெயர் சிங்களத்தின் ‘கந்த’வைவிட ஐரோப்பியரின் வடிவத்துக்கே அருகில் நிற்கிறது. சிங்களச் சொல்லில் இருப்பது நாக்கு பல்லைத் தொடும் ‘ந்த’; தமிழில் நாம் எழுதுவது நாக்கை மடக்கிச் சொல்லும் ‘ண்ட’. ஈற்றில் வரும் இகரமும் சிங்களத்தில் இல்லை.

தோட்டங்களில் பெரியவர்கள் மலைநாடு முழுவதையும் ‘கண்டிச்சீமை’ என்றார்களே, அது தவறா?

தவறில்லை, உண்மையில் அதுதான் பழைய பொருளுக்கு நெருக்கமானது. கண்டி என்பது முதலில் ஓர் இராச்சியத்தின் பெயர், பிறகுதான் நகரத்தின் பெயர். 1815 மார்ச் 2ஆம் திகதி கையெழுத்தான உடன்படிக்கையோடு அந்த இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது, அந்நாட்டின் காடுகளே வெட்டித் திறக்கப்பட்டன. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோருக்கு, போய்ச் சேரும் இடம் ஹட்டனா, பண்டாரவளையா, இறக்குவானையா என்பது கங்காணி சொல்லித்தான் தெரியும். ஊரில் விடைபெறும்போது அவர்கள் சொன்னது கண்டிக்குப் போகிறோம் என்பதுதான். இன்றைக்கும் ‘கண்டியச் சட்டம்’ என்று சட்டத்துறையினர் சொல்லும்போது, அந்தச் சொல் ஒரு நகரத்தின் எல்லைக்குள் அடங்குவதில்லை.

இனிப்பைக் குறிக்கும் சொல் எப்படி ஆங்கிலத்துக்குப் போனது?

அது மேற்குத் திசையாக நெடுந்தூரம் நடந்து போன சொல். வடமொழியில் ‘கண்ட’ என்றால் துண்டு, உடைந்த பகுதி. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கிய ஒரு வகைச் சர்க்கரைக்கும் அந்தப் பெயர் வழங்கியது. அர்த்தசாஸ்திரம் கரும்புப் பண்டங்களை வரிசைப்படுத்தும்போது வெல்லம், சர்க்கரை ஆகியவற்றோடு ‘கண்ட’த்தையும் தனியாகச் சொல்கிறது. பாரசீகம் அதைக் ‘கந்த்’ என்று வாங்கியது. அரபு மொழி ‘கந்தி’ என்று பெயரடையாக்கியது. அரேபியரோடு நடந்த மத்தியதரைக் கடல் வணிகத்தால் அது இத்தாலியத்துக்கும் பிரெஞ்சுக்கும் போய், ‘சுக்ர் கான்தி’ என்ற பிரெஞ்சுத் தொடராக இடைக்கால ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அப்போது அது மருந்துக் கடைப் பொருள். இருமலுக்கும் தொண்டைக்கட்டுக்கும் கொடுக்கப்பட்டது. (நம் வீடுகளில் இன்னும் பனங்கற்கண்டு அந்த வேலையைத்தான் செய்கிறது.) காலப்போக்கில் முன்சொல் உதிர்ந்து, பின்சொல் மட்டும் நின்றது. அமெரிக்காவில் அது எல்லா இனிப்புக்கும் பொதுப்பெயராக விரிந்தது. பிரித்தானியர் அதற்கு வேறு சொல்லையே வழங்குகிறார்கள். இலங்கையில் நாம் டொபி என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

அந்தப் பிரெஞ்சுத் தொடரின் முன்சொல்லும் நம் பக்கத்துச் சரக்குத்தான். வடமொழியில் ‘சர்க்கரா’ என்பதற்குச் சரளைக்கல், பருமணல் என்ற பொருளும் உண்டு. அது அரபுவழி ஐரோப்பாவுக்குப் போய் ‘சுகர்’ ஆனது, மலையாளத்தில் ‘சக்கர’ ஆகி, போர்த்துக்கீசர்வழி ஆங்கிலத்தில் ‘ஜாகரி’யும் ஆனது, சிங்களத்தில் ‘ஹகுரு’ ஆகி, கித்துள் கருப்பட்டி வடிவில் நம் தேநீருக்குத் துணையாக வருகிறது. ஒரு கையில் சீனிக் கரண்டியும் மறு கையில் கருப்பட்டித் துண்டும் வைத்திருக்கும் ஆங்கிலேயர், ஒரே தாயின் பிள்ளைகளை இரண்டு பெயரால் அழைக்கிறார். கேண்டியின் கதை இதற்கு நேர் எதிர்: அங்கே பிறப்பால் தொடர்பில்லாதவை ஒரே பெயரில் நிற்கின்றன.

கற்கண்டு என்பது தமிழ்ச்சொல்லா?

கல் என்பது தமிழ் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ‘கண்டு’ குறித்து அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வடமொழிக் ‘கண்ட’வின் தமிழ் வடிவமே அது என்பது ஒரு கட்சி. நூற்கண்டு என்று நாம் சொல்வதில் உள்ளதைப் போல, திரண்டு உருண்ட பொருளைக் குறிக்கும் பழைய தமிழ்ச்சொல் அது என்பதும், அதுபோன்ற திராவிடச் சொல்லிலிருந்தே வடமொழி கடன் பெற்றிருக்கலாம் என்பதும் மறு கட்சி.

இதில் எந்தப் பக்கமும் சாயாமல் ஒன்றை மட்டும் காட்டலாம். பெரிய கட்டியாக விற்கும் கற்கண்டை உரலில் போட்டு உடைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு நூல் ஓடும். சீனிப்பாகைக் கெட்டியாகக் காய்ச்சி, அதற்குள் நூலைத் தொங்கவிட்டுப் பல நாள் அசையாமல் வைத்திருந்தால், நூலைப் பற்றிக்கொண்டு படிகங்கள் வளர்கின்றன; நூலோடு சேர்த்தே அது விற்பனைக்கு வருகிறது. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் வரவேற்பு மேசையில் பன்னீர்ச் செம்புக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் பக்கத்தில் வைத்திருந்த கற்கண்டை எடுத்து வாயில் போட்ட சிறுவன் ஒருவன், பல்லிடுக்கில் சிக்கிய நூலை இழுத்துக்கொண்டே வந்து, “மாமா, இதுதான் நூற்கண்டா?” என்று கேட்டான். அவனுக்குச் சொல்லாராய்ச்சி தெரியாது. ஆனால் மறு கட்சிக்கு அவனைவிட நல்ல வழக்கறிஞர் கிடைக்கமாட்டார்.

ஆசிரியர் கண்டிப்பதற்கும் கற்கண்டுக்கும் தொடர்பு உண்டா?

வேடிக்கையாகக் கேட்கப்பட்ட கேள்வி. விடையோ ‘ஆம்’ என்பதற்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்டித்தல், கண்டனம், கண்டிப்பு ஆகியவை வெட்டுதல், துண்டித்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தவை. பூமியின் பெரும் பகுதியைக் கண்டம் என்பதும் அதே வேர். வடமொழிக் கட்சி சொல்வது சரியென்றால், கண்டனமும் கற்கண்டும் ஒரே குடும்பம். தஞ்சாவூருக்கு அருகிலுள்ள கண்டியூருக்கு, சிவன் பிரமனின் தலைகளில் ஒன்றைக் கண்டித்த ஊர் என்று தலபுராணம் பெயர்க்காரணம் சொல்கிறது. அந்தக் கண்டிக்கும் நம் கண்டிக்கும் ஒலியொற்றுமைதான் உண்டு.

எடைக் கண்டி என்பது எவ்வளவு?

இடத்தையும் சரக்கையும் பொறுத்து மாறும் என்பதே நேர்மையான விடை. அடிப்படைக் கணக்கு 20 மணங்கு கொண்டது ஒரு கண்டி. சென்னையில் ஒரு மணங்கு 25 றாத்தல் (பவுண்டு) என்பதால், கண்டி 500 றாத்தல், அதாவது சுமார் 227 கிலோ. பம்பாயில் மணங்கு 28 றாத்தல். ஆகவே அங்கே கண்டி 560 றாத்தல். பருத்திக்கு மட்டும் பம்பாயில் 28 மணங்கைக் கண்டியாகக் கொண்டதால், அது 784 றாத்தலாக, ஏறத்தாழ 356 கிலோவாக உயர்ந்தது. இலங்கையில் கொப்பறா வணிகத்தில் கண்டி என்பது 560 றாத்தலாக, அதாவது 254 கிலோவாக இருந்தது.

மராத்தியிலும் தெலுங்கிலும் அதன் வடிவம் ‘கண்டி’தான், ஆனால் முதலெழுத்தை மூச்சழுத்தி உச்சரிப்பார்கள், தமிழும் மலையாளமும் அந்த அழுத்தம் இல்லாமல் எழுதின. மேற்குக் கரையிலும் சோழமண்டலக் கரையிலும் சரக்கு ஏற்றிய ஐரோப்பிய வணிகர்கள் இதைக் கணக்குப் புத்தகங்களில் எழுதத் தொடங்கியபோது, முன்பே இனிப்புக்கு வழங்கி வந்த எழுத்துக்கூட்டலிலேயே இதுவும் போய் உட்கார்ந்துகொண்டது. எடைப்பெயரும் துண்டு என்னும் வடமொழி வேரைச் சேர்ந்ததே என்று கருதுவோர் உண்டு. அதை ஏற்றால் மூன்றில் இரண்டு தூரத்து உறவாகும். மலைப்பெயரான கண்டி அப்போதும் தனியாகவே நிற்கும்.

றாத்தல் என்று இங்கே நான் எழுதுவதைப் பார்த்து இளைய வாசகர்கள் சிலர் புருவம் உயர்த்தலாம். அரபு மூலத்திலிருந்து போர்த்துக்கீசர்வழி நமக்கு வந்த சொல் அது. கிலோ வந்து இத்தனை காலம் ஆகியும், பாண் வாங்கும் கடையில் அதை விட நமக்கு மனம் வரவில்லை.

கண்டி எடை இன்றும் வழக்கில் இருக்கிறதா?

இந்தியப் பருத்திச் சந்தையில் இருக்கிறது. விலை இன்றும் ஒரு கண்டிக்கு இத்தனை ரூபாய் என்றே சொல்லப்படுகிறது. ஆனால் கோயம்புத்தூர், திருப்பூர் நூற்பாலைச் செய்திகளைத் தரும் தமிழ்நாட்டு நாளிதழ்கள் அதை எப்படி அச்சிடுகின்றன என்று பாருங்கள்: ‘ஒரு கேண்டி பஞ்சு’, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘356 கிலோ’. தமிழிலிருந்தும் அண்டை மொழிகளிலிருந்தும் ஆங்கிலம் கொண்டுபோன கண்டியை, ஆங்கில உச்சரிப்போடு திரும்ப வாங்கி, புரியாது என்று கிலோவையும் சேர்த்து எழுதுகிறோம். கண்டி என்றே எழுதினால் குடிமூழ்கிவிடாது என்பது என் கருத்து.

இனிப்பின் பெயர் கிரேக்கத் தீவு ஒன்றிலிருந்து வந்தது என்று படித்தேன். உண்மையா?

கிரீட் தீவின் தலைநகரான ஹெராக்லியனை வெனிசியர் ‘காந்தியா’ என்று அழைத்தார்கள். அங்கிருந்து சர்க்கரை ஐரோப்பாவுக்குப் போனதால் இப்பெயர் வந்தது என்பது அந்தக் கதை. 9ஆம் நூற்றாண்டில் அந்நகரை நிறுவிய அரேபியர் சுற்றிலும் அகழி வெட்டினார்கள். அகழிக்கு அரபுச் சொல் ‘கந்தக்’. அதுவே தேய்ந்து காந்தியா ஆயிற்று. ஆகவே இனிப்புக்கு அதில் பங்கில்லை; இனிப்பின் பெயர் மேலே சொன்ன பாரசீகக் ‘கந்த்’ வழியாக வந்தது. போர்த்துக்கீசர் எழுத்தில் நம் கண்டியும் இந்தக் காந்தியாவும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், பழைய நிலப்படங்களை வாசிப்பவர்கள் மட்டும் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும்.

இந்தோனேசியக் கோயில்களையும் ‘கேண்டி’ என்கிறார்களே?

அதைக் ‘கேண்டி’ என்று வாசிப்பதே பிழை. இந்தோனேசிய எழுத்துமுறையில் ‘சி’ என்ற எழுத்துக்குச் சகர ஒலி. ஆகவே அது ‘சண்டி’.

பரீட்சையில் பிள்ளைகள் நகரத்தின் பெயரையும் இனிப்பின் பெயரையும் ஆங்கிலத்தில் மாற்றி எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?

கடந்த தவணையில் ஒரு மாணவி, தன் மாமா வெளிநாட்டிலிருந்து கண்டி கொண்டு வந்தார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ‘கே’ எழுத்தில், பெரிய எழுத்தாகவே. சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு, அவளிடம் சமனலகந்தவை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ‘கே’ போட்டு எழுதினாள். மலைக்கு எந்த எழுத்தோ அதே எழுத்துத்தான் நகரத்துக்கும் என்றேன். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நகரத்தின் பெயரை ‘கே’ எழுத்துக்கு மாற்றி நிலைப்படுத்தியது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குச் செய்த உதவி என்றே சொல்ல வேண்டும். பெயர்ச்சொல்லுக்குப் பெரிய எழுத்து என்ற விதியை மட்டும் நம்பியிருந்தால், வாக்கியத்தின் முதல் சொல்லாக வரும்போது இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இப்போது அவள் சரியாக எழுதுகிறாள்; கண்டிக்குப் போகும் பஸ்ஸை மட்டும் இன்னும் நுவர பஸ் என்றுதான் சொல்கிறாள்.